விளையாட்டிலே சுருதி

கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்த முதியோரிடம், இளமையில் கேட்ட ஓசைகளுள் இன்றும் மறவாதது யாது என்று வினவினால், சுரங்கத்தின் சங்கொலியைக் கூறாதார் அரியர். முறைவேலைக்கு ஆட்கள் இறங்கும் வேளையையும் ஏறும் வேளையையும் ஊருக்கு அறிவித்தது அச்சங்கே. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பெற்றன. நூற்றிருபது ஆண்டுகளாக வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து வந்து குடியேறிய தமிழ் மக்களின் பேரர்கள், சுரங்கத்தைக் கதையாகவே அறிந்த தலைமுறையினராக இன்று பள்ளிக்குச் செல்கின்றனர். தாயும் தந்தையும் விடியற்காலையில் பெங்களூருக்கு இரயிலேறுகின்றனர். வீட்டில் குழந்தையோடு இருப்பவர்கள் பாட்டனும் பாட்டியுமே. அப்பாட்டனும் பாட்டியும் தம் பேரக் குழந்தைக்குச் சுருதியறிவைப் புகட்ட இயலுமா என்பதே நாம் இங்கு ஆராய எடுத்துக்கொண்ட பொருள். இயலும் என்பதே நம் விடை. அதற்குச் சங்கீத வித்துவானாக இருத்தல் வேண்டா; கதை சொல்லவும் விளையாடவும் தெரிந்திருந்தால் போதும்.

சுருதியைத் தாய் என்றும் தாளத்தைத் தந்தை என்றும் நம் பெரியோர் கூறுவர். தாளம் பெரும்பாலான குழந்தைகளுக்கு எளிதில் அமைந்துவிடுகிறது. நடக்கும் நடையிலும் கொட்டும் கையிலும் அது உள்ளது. சுருதி அவ்வாறன்று. அது கண்ணுக்குப் புலனாவதில்லை. கையால் தொடவும் இயலாது. இதனால்தான், சுருதி பிறவியிலேயே வர வேண்டிய வரம் என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. பேச்சைப் போலவே சுருதியும் கேட்டுக் கேட்டுப் பழகுவது. ஓசையின் ஏற்றத் தாழ்வை எவ்வளவு முயன்றும் உணர இயலாத செவியுடையார் உலகில் உண்டெனினும், அவர் மிகச் சிலரே. ஏனைய குழந்தைகளிடம் காணப்படும் குறை செவியின் குறையன்று, பழக்கமின்மையே.

முதலில் சொற்களால் விளையும் குழப்பத்தை நீக்கிக்கொள்ள வேண்டும். "குரலை உயர்த்து" என்று நாம் சொன்னால், குழந்தை உரக்கக் கத்துகிறது. அதன்மேல் தவறில்லை, உரத்த ஓசைக்கும் உயர்ந்த சுரத்திற்கும் நாம் ஒரே சொல்லை வழங்குகிறோம். உரப்பு வேறு, உயரம் வேறு. கொசுவின் ரீங்காரம் மெல்லியது, ஆயினும் உயர்ந்தது. எருமையின் குரல் உரத்தது, ஆயினும் தாழ்ந்தது. இவ்விரண்டையும் செய்து காட்டினால் மூன்று வயதுக் குழந்தையும் வேறுபாட்டை உணர்ந்துகொள்ளும். மற்றொரு குழப்பம் 'கட்டை' என்னும் சொல்லால் வருவது. கனத்த குரலைக் 'கட்டைக் குரல்' என்கிறோம். ஆனால் சுருதியைக் குறிக்கையில் ஐந்து கட்டை என்பது ஒரு கட்டையைவிட உயர்ந்தது. ஆர்மோனியத்தின் மரக்கட்டைகளை வரிசையாக எண்ணுவதால் ஏற்பட்ட வழக்கு இது. பெரியோர் இதனைத் தெளிந்துகொண்டால், குழந்தைக்கு முரணாகச் சொல்லாமல் தப்பலாம்.

சுருதி என்பது யாது? நாண் ஒன்று நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறதோ அத்தொகையைப் பொறுத்தே அதன் ஓசையின் உயரம் அமைகிறது. எடுத்துக்காட்டாக, நாம் ஆதாரமாகக் கொள்ளும் ஷட்ஜம் நொடிக்கு 240 அதிர்வுகள் உடையதாயின், அதன் இருமடங்காகிய 480 அதிர்வுகளில் மேல் ஷட்ஜம் பிறக்கும். ஒன்றரை மடங்காகிய 360-இல் பஞ்சமம் பிறக்கும். ஒன்றேகால் மடங்காகிய 300-இல் அந்தர காந்தாரம் பிறக்கும். ஆதார ஷட்ஜத்தை எங்கு வைத்தாலும் இந்த விகிதங்கள் மாறா. நாம் குழந்தைக்குக் கற்பிக்க வேண்டியது இந்த உறவையே அன்றி, குறிப்பிட்ட ஓர் ஓசையை எவ்வித ஆதாரமுமின்றி இன்னதென்று கண்டு பெயர் சொல்லும் ஆற்றலை அன்று. அவ்வாற்றல் சிலருக்கே வாய்ப்பது. இசைக்கு அது இன்றியமையாததும் அன்று.

இங்கே பாட்டன்மார் கருத்திற் கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. வளர்ந்த ஆடவர் பேசும்போது குரல்நாண்கள் நொடிக்கு ஏறத்தாழ 120 முறை அதிர்கின்றன. பெண்டிர்க்கு 200 அளவிலும், சிறுவர்க்கு 300-ஐ ஒட்டியும் அதிர்கின்றன. ஆகவே பாட்டன் தம் இயல்பான குரலில் பாடிக் காட்டி, "இதைப் போல் பாடு" என்றால், குழந்தை அந்தத் தாழ்ந்த ஓசையை எட்ட முயன்று தொண்டையை இறுக்கிக்கொள்ளும். பிறகு, "இவனுக்குச் சுருதி சேரவில்லை" என்ற பழியும் வந்து சேரும். பாட்டியின் குரலும், சற்று மூத்த குழந்தையின் குரலும், புல்லாங்குழலும் இதற்கு மிக ஏற்றவை. ஐந்து அல்லது ஆறு கட்டைச் சுருதி சிறுவர்க்குப் பெரும்பாலும் பொருந்தும். கீழ் ஷட்ஜம் எட்டவில்லையெனில் அரைக் கட்டை உயர்த்திக்கொள்ளலாம். தம்பூராவின் ஒலியை இக்காலத்தில் கைப்பேசியிலேயே பெறலாமாதலின், கருவிக்குப் பொருள் செலவிட வேண்டுவதும் இல்லை.

கதையின் வாயிலாகச் சுரத்தை உணர்த்துவது புதிய உத்தியன்று. ஏழு சுரங்களையும் ஏழு உயிர்களின் குரலோடு பொருத்திக் கூறும் வழக்கம் நம் நாட்டில் மிகப் பழமையானது. ஷட்ஜம் மயிலின் அகவல், ரிஷபம் எருதின் முக்காரம், காந்தாரம் ஆட்டின் குரல், மத்யமம் கிரௌஞ்சப் பறவையின் ஒலி, பஞ்சமம் குயிலின் கூவல், தைவதம் குதிரையின் கனைப்பு, நிஷாதம் யானையின் பிளிறல் என்பது நாரதீய சிக்ஷை முதலிய வடமொழி நூல்களிற் காணும் மரபு. தமிழரும் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என ஏழிசைக்குத் தமிழிலேயே பெயரிட்டு வழங்கினர். விலங்குகளின் ஓசை அளந்து வைத்தாற்போல் அச்சுரங்களில் அமையும் என்பது இதன் பொருளன்று. பெயரும் உருவமும் இல்லாத ஓசைக்கு ஓர் உருவத்தைத் தந்து நினைவில் நிறுத்துவதே இவ்வழக்கத்தின் பயன்.

தங்கவயலாருக்கு இதில் நெருங்கிய உறவும் உண்டு. கருநாடக இசை பயிலுவோர் யாவரும் முதலில் பாடும் சரளி வரிசை முதலிய பயிற்சிகளை மாயாமாளவகௌளை இராகத்தில் வகுத்தமைத்தவர் 1564-இல் மறைந்த புரந்தரதாசர் என்பது மரபு. அவருடைய குரு வியாசதீர்த்தர். அவ்வியாசதீர்த்தர் கற்றது, தங்கவயல் அமைந்துள்ள கோலார் நாட்டிலேயே உள்ள முல்பாகலில், ஸ்ரீபாதராஜரிடத்தில். கன்னட மொழியில் பதங்கள் பாடிய அப்பெரியாரின் பிருந்தாவனம் இன்றும் முல்பாகலை அடுத்த நரசிம்ம தீர்த்தத்தில் உள்ளது. தஞ்சையிலும் சென்னையிலும் தமிழ்க் குழந்தைகள் நாள்தோறும் பாடும் முதற்பாடத்தின் குருபரம்பரை, தங்கவயலின் அண்டை ஊரைத் தொட்டுச் செல்கிறது. அயல்மொழி நாட்டில் வாழ்கிறோம் என்று எண்ணும் நமக்கு இது மகிழ்ச்சி தரும் செய்தியன்றோ?

மேனாட்டிலும் இம்முயற்சி நெடுங்காலமாக நடைபெற்று வந்துள்ளது. பதினோராம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த குய்தோ என்னும் துறவி, பாட்டுப் பயிலும் சிறுவர்களுக்காக ஒரு துதிப்பாடலைத் தேர்ந்துகொண்டார். அப்பாடலின் ஒவ்வோர் அடியும் முன்னடியைவிட ஒரு சுரம் உயர்ந்து தொடங்கும். அவ்வடிகளின் முதலசைகளே மேனாட்டுச் சுரப்பெயர்களுக்கு மூலமாயின. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் நாரிச் நகரில் சாரா குளோவர் என்னும் ஆசிரியை, சுரங்களை ஓர் ஏணியாக எழுதிச் சுவரில் தொங்கவிட்டு ஏழைச் சிறுவர்களுக்குக் கற்பித்தார். ஜான் கர்வென் என்னும் போதகர் அம்முறையை விரிவாக்கி, 1870-ஆம் ஆண்டளவில் ஒவ்வொரு சுரத்திற்கும் ஒரு கைச்சைகையையும் சேர்த்தார். கர்வென் இளமையில் முறையான இசைப்பயிற்சி பெற்றவரல்லர். தமக்கு எளிதில் கைவராததைப் பிறர்க்கு எளிதாக்க முயன்றவர். இருபதாம் நூற்றாண்டில் ஹங்கேரி நாட்டு இசைப்புலவர் கோடாய் அச்சைகைகளை மேற்கொண்டதோடு, அரிய உண்மை ஒன்றையும் வற்புறுத்தினார். குழந்தைக்குத் தாய்மொழி இருப்பதுபோலவே தாயிசையும் உண்டு. அது அதன் சொந்த நாட்டுப்பாடலே. அதிலிருந்தே இசைக்கல்வி தொடங்க வேண்டும் என்பது அவர் கொள்கை. இவர்கள் யாவரும் காட்டிய வழி ஒன்றே: முதலில் பாட்டும் உடலசைவும், பின்னரே பெயரும் எழுத்தும்.

இனி, வீட்டில் செய்யத்தக்கவற்றை முறையாகக் காண்போம்.

முதற்படி கேட்டல். பாட்டனார் சுரங்கச் சங்கின் கதையைச் சொல்லட்டும். மின்விசையால் சுழலும் சங்கு, வேகம் ஏற ஏறத் தாழ்ந்த ஓசையிலிருந்து மேலெழும். சிறிது நேரம் ஒரே நிலையில் நிற்கும். விசையை நிறுத்தியதும் இறங்கி அடங்கும். பாட்டன் சங்கைப்போல் ஊத, குழந்தை தரையில் குந்தியிருந்து ஓசையோடு எழுந்து, நிலைத்தபோது கைகளை உயர்த்தி நின்று, இறங்கும்போது மீண்டும் குந்த வேண்டும். குழந்தை பாடவே தேவையில்லை. சில நாள் கழித்துக் கண்ணை மூடிக்கொண்டு ஆடச் செய்தால், காதால் அறிகிறதா கண்ணால் அறிகிறதா என்பது வெளிப்படும். சங்கை ஒருமுறை உரக்கவும் ஒருமுறை மெல்லவும் ஊதிக் காட்டினால், உரப்பு வேறு உயரம் வேறு என்ற பாடமும் இதிலேயே முடியும்.

இரண்டாம் படி நிலைத்து நிற்றல். இதற்குச் சடுகுடுவைவிடச் சிறந்த விளையாட்டு இல்லை. மூச்சு விடாமல் ஒரே ஓசையை இழுத்துச் சென்று மீள்வது அன்றோ அவ்வாட்டத்தின் விதி? தம்பூரா ஷட்ஜத்தை ஒலிக்க, குழந்தை அதே ஷட்ஜத்தில் பாடிக்கொண்டே கோட்டைக் கடந்து சென்று, ஒருவரைத் தொட்டுத் திரும்ப வேண்டும். மூச்சு விட்டாலும் ஆட்டம் போயிற்று. சுருதி விலகினாலும் ஆட்டம் போயிற்று. ஓடும்போது குரல் தானே உயரும் என்பதைக் குழந்தைகள் விரைவில் கண்டுகொண்டு, அதனை அடக்கப் பழகுவர்.

மூன்றாம் படி அழைத்தல். தெருவின் இக்கோடியிலிருந்து அக்கோடியில் விளையாடும் தம்பியை அழைக்கும் சிறுமியைக் கவனியுங்கள். "தம்" என்பதை உயர்த்தியும் "பீ" என்பதைத் தாழ்த்தி நீட்டியும் அழைப்பாள். அவ்விரு ஓசைகளுக்கும் இடையே உள்ள தூரம், பல வேளைகளில் பஞ்சமத்திற்கும் அந்தர காந்தாரத்திற்கும் இடையே உள்ள தூரத்தை ஒட்டியே அமைகிறது. மேனாட்டு ஆசிரியர்களும் குழந்தைகளின் அழைப்பில் இத்தூரத்தைக் கண்டே, அவ்விரு சுரங்களிலிருந்து பாடம் தொடங்கினர். கண்ணாமூச்சி ஆட்டத்தில் இதனைப் பயன்படுத்தலாம். கண் கட்டியவர் "எங்கே?" என்று பா-கா என்னும் இரு சுரங்களில் அழைக்க, ஒளிந்தவர் "இங்கே!" என்று அவ்விரு சுரங்களிலேயே விடையளிக்க வேண்டும். மாறிப் பாடியவரைப் பிடித்ததாகக் கொள்வது விதி. சுரத்தின் பெயரை இப்போது சொல்ல வேண்டா, விளையாட்டு கெடும்.

நான்காம் படி ஏணி. குளோவர் அம்மையார் ஏணியைச் சுவரில் தொங்கவிட்டார். தங்கவயற் குழந்தைக்கோ, மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழமான சுரங்கத்தின் கதையே ஏணியாக இருக்கிறது. பாட்டனார் வேலை முடிந்து ஆழத்தில் நிற்கிறார், கூண்டு வந்துவிட்டது, அவர் மேலேறி வீட்டுக்கு வர வேண்டும். அடித்தளம் ஷட்ஜம், நடுத்தளம் பஞ்சமம், தரைமட்டம் மேல் ஷட்ஜம். குழந்தைகள் சுரத்தைச் சரியாகப் பாடினால்தான் கூண்டு ஒவ்வொரு தளத்திலும் நிற்கும். சுவரில் மூன்று கோடுகள் கிழித்து, நூலில் கட்டிய தீப்பெட்டியைக் கூண்டாக இழுக்கலாம். மூன்று தளங்கள் நன்கு பழகிய பின் காந்தாரத் தளத்தைச் சேர்க்க வேண்டும். இவ்வளவிற்கே சில வாரங்கள் செல்லலாம், விரைதல் கூடாது. பாட்டனார் தம் கதையைச் சொல்லும்போது உண்மையையும் சேர்த்தே சொல்லட்டும்: கீழே இருந்த வெப்பம், பாறை வெடித்துச் சிதறிய நாள், திரும்பி வராத தோழர். ஏறி வருதல் எத்துணைப் பெரிய செயல் என்பதை உணர்ந்த குழந்தை, மேல் ஷட்ஜத்தைத் தவறாமல் தொட முயலும்.

ஐந்தாம் படி ஐந்து சுரங்கள். சதுச்ருதி ரிஷபத்தையும் சதுச்ருதி தைவதத்தையும் சேர்த்தால் ச, ரி, க, ப, த என மோகனம் அமைந்துவிடும். பழந்தமிழரின் முல்லைப்பண் இதுவே என்பது ஆய்வாளர் பலர் கருத்து. இதில் அரைச்சுர இடைவெளி இல்லாமையால், இளங்குழந்தைக்கு இடறல் இல்லை. ஹங்கேரிச் சிறுவர் பாடத்திலும் தொடக்கத்தில் இவ்வைந்து சுரங்களே இடம்பெறுகின்றன. பாட்டியின் தாலாட்டையும், கும்மியடிக்கும்போது பாடும் பாட்டையும் இந்நிலையில் எடுத்துக்கொண்டு, எந்தச் சொல்லில் கூண்டு ஏறுகிறது, எந்தச் சொல்லில் இறங்குகிறது என்று குழந்தையையே கையால் காட்டச் சொல்லலாம்.

இதன் பின்னரே ஏழு சுரங்கள். இப்போது பழைய விலங்குக் கதை கைகொடுக்கும். கூண்டு அடித்தளத்தில் மயிலை ஏற்றிக்கொண்டு, அடுத்தடுத்த தளங்களில் எருது, ஆடு, கிரௌஞ்சம், குயில், குதிரை, யானை என்று ஒவ்வொன்றாக ஏற்றிச் செல்கிறது. கடைசியில் யானை ஏறும்போது கூண்டு படும் பாட்டைக் கண்டு சிரிக்காத குழந்தை இராது. "இவ்வளவு பெரிய யானைக்கு இவ்வளவு உயர்ந்த சுரமா?" என்று கேட்குமாயின், யானை பிளிறும் ஓசை உயர்ந்ததே என்று விடை கூறலாம். இந்நிலையில் குருவிடம் சேர்த்துச் சரளி வரிசை தொடங்கினால், மாயாமாளவகௌளையின் சிறிய இடைவெளிகளும் பெரிய இடைவெளிகளும் குழந்தைக்கு அச்சம் தாரா. அவ்விராகத்தின் கீழ்ப்பாதியும் மேற்பாதியும் ஒரே அமைப்புடையன. கீழ்ப்பாதியைக் கற்ற செவி மேற்பாதியைத் தானே அறியும். முன்னோர் அதனை முதற்பாடமாக வைத்ததற்கு இதனையும் ஒரு காரணமாகக் கூறுவர்.

இத்தனைக்கும் நாளொன்றுக்குப் பத்து நிமிடம் போதும். மாலையில் இரயில் வந்து பெற்றோர் வீடு சேர்வதற்குள் முடித்துவிடலாம். அவர்கள் வந்ததும் குழந்தையே அவர்களுக்கு ஆடிக் காட்டட்டும்.

ஒன்றை மட்டும் அறவே விலக்க வேண்டும். நாம் நேரில் கண்ட நிகழ்ச்சி இது. ஒரு பள்ளியின் ஆண்டுவிழாவிற்குக் கடவுள் வாழ்த்துப் பாடச் சிறுவர்களைப் பழக்கிக்கொண்டிருந்தனர். ஏழு வயதுச் சிறுவன் ஒருவனின் குரல் மற்றவரோடு இழையவில்லை. "நீ வாயை மட்டும் அசை, பாடாதே" என்றார் பழக்கியவர். அவன் அவ்வாறே செய்தான். பிறகு எங்கும் எப்போதும் பாடவில்லை. இன்று அவனுக்கே குழந்தைகள் இருக்கின்றனர்; அக்குழந்தைகளுக்கும் அவன் தாலாட்டுப் பாடியதில்லை. அன்று அவன் குரலைத் தனியே கேட்டிருந்தால், மற்றவரினும் இரண்டு சுரம் தாழ்ந்த இடத்தில் அவன் ஒழுங்காகவே பாடிக்கொண்டிருந்தான் என்பது தெரிந்திருக்கும். சுருதி விலகும் குழந்தையைத் திருத்த எளிய வழி, அது பாடும் சுரத்தை முதலில் நாம் பாடுவதே. நம் குரல் தன் குரலோடு ஒன்றும்போது எழும் இனிமையை அது ஒருமுறை கேட்டுவிட்டால், பின்னர் நம்மோடு வந்து சேரத் தானே முயலும். அரைச்சுரம் அரைச்சுரமாக உரிய இடத்திற்கு அழைத்துச் செல்லலாம்.

இறுதியாக, தமிழகத்திற்கு வெளியே வாழும் நமக்கு இதில் மற்றொரு நலனும் அடங்கியுள்ளது. நம் குழந்தைகள் பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் பயில்கின்றனர், பயிலவும் வேண்டும். மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் வாழும் தமிழ்ப் பிள்ளைகளின் நிலையும் இத்தகையதே. தமிழ் எழுத்தறியாத குழந்தைகள் பெருகி வருவது கண்கூடு. எழுத்தைக் கற்பிக்க ஆசிரியரும் நூலும் வேண்டும். பாட்டைக் கற்பிக்கப் பாட்டி ஒருத்தி போதும். சடுகுடுவிலும் கும்மியிலும் தாலாட்டிலும் சொல் இசையோடு பிணைந்தே உள்ளது. சுருதியைத் தேடும் குழந்தை சொல்லையும் உடன் பெற்றுவிடுகிறது. ஆனால் அப்பாடல்களை அறிந்த தலைமுறை முதுமையுற்றுவிட்டது. அவர்கள் நினைவில் உள்ளவை எந்த ஏட்டிலும் எழுதப்பெறாதவை பல. குழந்தைக்கு ஐந்து வயது ஆவதற்குள் அவை செவியேறாவிடில், பிறகு கேட்பதற்கு ஆள் இருப்பினும் பாடுவதற்கு ஆள் இரார்.

ஆகவே நேயர்களே, நல்ல நாளும் நல்ல குருவும் வாய்க்கட்டும் என்று காத்திராமல், இன்று மாலையே தொடங்குங்கள். பாட்டனாரைக் கதை சொல்லச் சொல்லுங்கள். பாட்டியாரைப் பாடச் சொல்லுங்கள். சுவரில் மூன்று கோடுகள் கிழித்து ஒரு தீப்பெட்டியைத் தொங்கவிடுங்கள். குழந்தை மேல் ஷட்ஜத்தைத் தொட்டுக் கூண்டைத் தரைக்குக் கொண்டுவரும் நாள் நெடுந்தொலைவில் இல்லை.